ரன் ஓடும் இடமெல்லாம்

அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அவளுடைய ஆங்கில நோட்டைப் புரட்டினேன். மொழிபெயர்ப்புப் பயிற்சி. "வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்" என்ற வரிக்குக் கீழே, முத்து முத்தான கையெழுத்தில், "நாங்கள் பாலுக்கு வெளியே ஓடிவிட்டோம்" என்று எழுதியிருந்தாள். அடுத்த வரி அதற்கும் மேல். "ஐ ரேன் இன்டு மை டீச்சர்" என்பது "நான் என் ஆசிரியருக்குள் ஓடினேன்" ஆகியிருந்தது. மூன்றாவது வரியில் கொஞ்சம் யோசித்திருக்கிறாள், அடித்தல் திருத்தல் தெரிந்தது. "ஹர் அங்கிள் ரன்ஸ் எ ஹோட்டல்". கடைசியில், "அவளுடைய மாமா ஓட்டலுக்கு ஓடுகிறார்."

நான் சிரிக்க, அவள் முறைத்தாள். "ரன்னுன்னா ஓடுறதுதானே மாமா? எங்க மிஸ் அப்படித்தான் சொன்னாங்க."

மிஸ் சொன்னதில் தப்பில்லை. ஆனால் ஓடு என்ற ஒரு பொருளோடு நிறுத்திவிட்டால் ஆங்கிலத்தில் பாதி வாக்கியங்கள் இப்படித்தான் பாலுக்கு வெளியே ஓடும். அன்று சாயங்காலம் அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பயமுறுத்தல். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி என்று ஒன்று இருக்கிறது. முதல் பகுதி 1884-இல் வந்தது, முழு அகராதியும் முடிய 1928 ஆனது. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பு 20 தொகுதிகள். அந்தப் பதிப்பில் மிக நீளமான பதிவு "செட்" என்ற வினைச்சொல்லுக்கு. 430 பொருள்கள், சுமார் 60,000 சொற்களில் விளக்கம். ஒரு சின்ன நாவல் அளவு! பிறகு மூன்றாம் பதிப்புக்காகத் திருத்திக்கொண்டு வந்தபோது "ரன்" அதை முந்திக்கொண்டது. வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்கள். பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் இந்த ஒரே சொல்லோடு சுமார் 9 மாதம் உட்கார்ந்திருந்தார்.

645 என்றதும் மலைக்க வேண்டாம். அகராதிக்காரர்கள் நுணுக்கமாகப் பிரிப்பார்கள். மனிதன் ஓடுவது ஒன்று, குதிரை ஓடுவது ஒன்று, காற்றின் போக்கில் கப்பல் ஓடுவது இன்னொன்று. வழக்கொழிந்த பொருள்களையும் விடமாட்டார்கள். அந்த 645-ஐயும் தனித்தனியாக மனப்பாடம் செய்த ஆங்கிலேயர் ஒருவரும் கிடையாது. அவர்களுக்கு அது பழக்கத்தில் வருகிறது. நமக்கும் அந்தப் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது, தமிழில்.

நம் "ஓடு"வைப் பாருங்கள். (கூரை ஓடு, முட்டை ஓடு எல்லாம் வேறு சொற்கள், ஒலிதான் ஒன்று. நான் சொல்வது கால் உள்ள ஓடு.) ஆறு ஓடுகிறது. உடம்பில் ரத்தம் ஓடுகிறது. ஃபேன் ஓடுகிறது. கடிகாரம் ஓடுகிறது. தியேட்டரில் படம் ஓடுகிறது. காலம் ஓடுகிறது. மனசுக்குள் ஏதோ ஓடுகிறது. பரீட்சை ஹாலில் கேள்வித்தாளைப் பார்த்ததும் "எனக்கு ஒண்ணுமே ஓடல" என்கிறோம். இதில் எதற்குமே கால் கிடையாது. யாரும் நமக்கு இதைச் சொல்லித்தரவும் இல்லை. "ஃபேன் ஓடுது" என்று கேட்ட குழந்தை, ஃபேன் எங்கே ஓடிப்போகிறது என்று பயப்படுவதில்லை.

ரன்னும் இப்படி விரிந்த சொல்தான். சில இடங்களில் ஓடுவும் ரன்னும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். சில இடங்களில் பிரிந்துவிடும். எங்கே பிரிகிறது என்று தெரிந்தால் போதும், பாதி வேலை முடிந்தது.

சேர்ந்து ஓடும் இடங்களில் முதலாவது தண்ணீர். "தி ரிவர் ரன்ஸ்" என்றால் ஆறு ஓடுகிறது. கஷ்டமே இல்லை. இது ஏதோ உவமையாகப் பின்னால் வந்த பொருளும் அல்ல. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் வடிவங்களில் ஒன்று "ரின்னன்". அதன் உறவுக்காரச் சொற்கள் ஜெர்மன் மொழியில் இன்றும் இரண்டாக இருக்கின்றன. ரின்னென் என்றால் நீர் வழிந்து ஓடுவது, ரென்னென் என்றால் காலால் ஓடுவது. ஆங்கிலத்தில் இரண்டு வேலையையும் ஒரே ரன் பார்க்கிறது.

ஆனால் தண்ணீர் விஷயத்தில் தமிழ் கொஞ்சம் கறார். ஆறு ஓடும், வாய்க்கால் ஓடும், ஆனால் மூக்கு ஒழுகும். குழாய் வழியும். துணியில் சாயம் போகும். பேனா மை கசியும். எண்ணெய் இறங்கும். திரவம் எவ்வளவு, எந்த வேகத்தில், எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து நமக்குச் சொல் மாறும். ஆங்கிலத்தில் இதற்கெல்லாம் ஒரே ரன் போதும். மூக்கு ரன், குழாய் ரன், சாயம் ரன், மை ரன். ஆகவே ஈரமான எதன் பக்கத்திலாவது ரன் நின்றால் ஓடு என்று எழுதக் கையை நீட்டாதீர்கள். இதைத் தமிழில் எப்படிச் சொல்வோம் என்று ஒரு நொடி நினைத்தால் சரியான சொல் தானாக வந்து நிற்கும்.

சாயம் என்றதும் ஒரு கதை. மெட்ராஸ் செக் என்று ஒரு கட்டம் போட்ட துணி, இங்கே தறியில் நெய்து அமெரிக்காவுக்குப் போனது. 1950-களின் கடைசியில் அதை வாங்கித் துவைத்தவர்கள் அலறினார்கள், ஒரு கட்டத்துச் சாயம் அடுத்த கட்டத்துக்கு ஓடியிருந்தது. விற்றவர்கள் தோற்றுப்போகவில்லை. ஒவ்வொரு சலவையிலும் நிறம் மாறும் அதிசயத் துணி என்று அதையே விளம்பரமாக்கினார்கள். வியாபாரமும் ஓடியது.

இரண்டாவது இயந்திரம். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் பிரிட்டனில் நீராவி இயந்திரமும் நூற்பாலையும் ரயிலும் வந்தபோது, அவை செய்யும் வேலைக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. ரன் கையருகே இருந்தது. எஞ்சின் ரன் ஆனது, மில் ரன் ஆனது, ரயில் ரன் ஆனது. இயந்திரங்கள் பெருகப் பெருக ரன்னின் பொருள்களும் பெருகின. தமிழிலும் அதே கதைதான். கோயம்புத்தூரில் "மில் ஓடுதா?" என்று கேட்டால் அது நகர்கிறதா என்று யாரும் புரிந்துகொள்ள மாட்டார்கள். "ரன் ஆஃப் தி மில்" என்று ஒரு தொடர் உண்டு. மில்லிலிருந்து வந்தபடியே, தரம் பிரிக்காமல் கிடக்கும் சரக்கு என்று பொருள். இப்போது எந்தச் சிறப்பும் இல்லாத சாதாரண விஷயத்துக்கெல்லாம் அதைச் சொல்கிறார்கள்.

படமும் ஒருவகையில் இயந்திரக் கணக்குதான். 1944-இல் வந்த ஹரிதாஸ் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. "ஓடியது" என்றுதான் இன்றும் சொல்கிறோம். ஆங்கிலத்திலும் நாடகமோ படமோ நீண்ட நாள் நடந்தால் "லாங் ரன்". இங்கே ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

கணினியில் "ரன்" பட்டனும் இந்த வழியில் வந்ததே. விண்டோஸ் சாவியையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ரன் என்று ஒரு சின்னப் பெட்டி திறக்கும். தமிழ் மென்பொருள்களில் அதை "இயக்கு" என்று போடுகிறார்கள். நல்ல சொல். பேச்சில் நாம் "ரன் பண்ணு" என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம், அதுவும் சரி.

இப்போது அக்கா மகள் அடித்து அடித்து எழுதிய ஓட்டல் வரிக்கு வருவோம். நான் சொல்ல நினைத்ததில் முக்கியமான இடம் இதுதான்.

தமிழில் ஓடு, ஓட்டு என்று இரண்டு வினைகள். தானாகச் செய்தால் ஓடு, இன்னொன்றைச் செய்யவைத்தால் ஓட்டு. ஆடு, ஆட்டு. கூடு, கூட்டு. நடுவில் ஒரு எழுத்து இரட்டித்ததும் பொருள் புரண்டுவிடுகிறது. பழைய ஆங்கிலத்திலும் இப்படித் தனித்தனியாக இருந்தன, தான் ஓடுவதற்கு ஒரு வினை, ஓடவைப்பதற்கு இன்னொன்று. காலப்போக்கில் இரண்டும் கலந்து ரன் என்ற ஒரே சொல்லாகிவிட்டன. ஆகவே ரன்னைப் பார்த்தால் அது ஓடுவா ஓட்டுவா என்று சொல்லை வைத்துத் தெரியாது. அடுத்து என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும்.

"ஐ ரன்". அடுத்து ஒன்றும் இல்லை. நான் ஓடுகிறேன். "ஐ ரன் டு தி ஹோட்டல்". நடுவில் டு இருக்கிறது. ஓட்டலுக்கு ஓடுகிறேன். "ஐ ரன் எ ஹோட்டல்". நடுவில் டு, இன்டு எதுவும் இல்லை, ஓட்டல் நேராக ரன்னை ஒட்டி வந்துவிட்டது. அப்படியென்றால் அந்த ஓட்டலை ஏதோ செய்கிறேன். ஓட்டலை ஓடவைக்கிறேன். தமிழில், ஓட்டல் நடத்துகிறேன்.

நடத்துகிறேன். இங்கேதான் எனக்கு எப்போதும் ஒரு சிரிப்பு வரும். நட என்பதிலிருந்து வந்தது நடத்து, நடக்கவைப்பது. ஆங்கிலேயன் கடையை ஓடவைக்கிறான், நாம் நடக்கவைக்கிறோம். கடை நடத்துகிறோம், பள்ளிக்கூடம் நடத்துகிறோம், ஆட்சி நடத்துகிறோம், கல்யாணம்கூட நடத்தித்தான் வைக்கிறோம். ஆங்கிலத்தில் கடை ரன், பள்ளிக்கூடம் ரன், நாடே ரன். ஆனால் கடை நன்றாகப் போகிறதா என்று கேட்டால் மட்டும் "ஏதோ ஓடுது" என்போம். முதலாளி நடத்துகிறார், கடை ஓடுகிறது.

அரசுப் பேருந்தில் இந்த இரண்டும் எழுதியே ஒட்டியிருக்கும். முன்னால் ஓட்டுநர், பின்னால் நடத்துநர். ஒருவர் ஓடவைப்பவர், மற்றவர் நடக்கவைப்பவர். ஆங்கிலத்தில் பேருந்தை ரன் செய்வது இவர்கள் இருவரும் இல்லை. "தி கவர்ன்மென்ட் ரன்ஸ் தி பஸஸ்" என்றால் அரசு பேருந்துகளை இயக்குகிறது என்றுதான் பொருள். ஸ்டியரிங் பிடிப்பதற்கு அவர்களிடம் டிரைவ் என்று தனிச்சொல் இருக்கிறது.

இந்த ஒட்டிவரும் சூத்திரம் எல்லா இடத்திலும் அப்படியே பொருந்தாது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். "ரன் எ ஃபீவர்" என்றால் காய்ச்சல் அடிக்கிறது. "ரன் எ ரிஸ்க்" என்றால் ஆபத்தோடு விளையாடுவது. "ரன் எ ரெட் லைட்" என்றால் சிவப்பு விளக்கை மதிக்காமல் போவது. பத்திரிகை ஒரு செய்தியை ரன் செய்தால் வெளியிடுகிறது. துப்பாக்கியையோ சாராயத்தையோ ரன் செய்தால் கடத்தல். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது கடல்வழியாகச் சரக்கு கொண்டுவந்தவர்களுக்கு ரம் ரன்னர் என்றே பெயர். இவையெல்லாம் பழகப் பழகத்தான் வரும்.

தேர்தல் வந்தால் இன்னும் வேடிக்கை. அமெரிக்காவில் ஒருவர் "ரன்ஸ் ஃபார் பிரசிடென்ட்". அதிபர் பதவிக்காக ஓடுகிறார். பிரிட்டனில் அதே வேலையைச் செய்பவர் "ஸ்டாண்ட்ஸ்", நிற்கிறார். நாமும் நிற்பவர்கள்தான். "இந்தத் தடவை யார் நிக்கிறாங்க?" என்றுதான் டீக்கடையில் பேச்சு. அமெரிக்காவில் துணை அதிபர் வேட்பாளரை ரன்னிங் மேட் என்பார்கள். அது குதிரைப் பந்தயத்திலிருந்து வந்த பேச்சு. ஒரு குதிரைக்கு வேகம் காட்டிக்கொடுக்க, அதே லாயத்திலிருந்து கூடவே ஓடவிடும் இன்னொரு குதிரைக்குத்தான் முதலில் அந்தப் பெயர். கூட்டிக் கழித்துப் பார்த்தால், அங்கே ஓடி ஜெயித்து நாட்டை ஓட்டுகிறார்கள், இங்கே நின்று ஜெயித்து ஆட்சியை நடத்துகிறார்கள்.

அடுத்து பால் தீர்ந்த வரி. ரன்னோடு ஒரு குட்டிச் சொல் ஒட்டிக்கொள்ளும்போது இரண்டும் சேர்ந்து புதுச் சொல்லாகிவிடும். பிரித்துப் பொருள் பார்க்கக் கூடாது. ஆனால் ஏன் அப்படி ஆனது என்று பார்க்கலாம், அது மறக்காமல் இருக்க உதவும்.

ரன் அவுட். மணல் கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேல் குடுவையிலிருந்து மணல் கொஞ்சம் கொஞ்சமாக ஓடி வெளியேறி, கடைசித் துகளும் போனால் காலம் முடிந்தது. டைம் ரன் அவுட் ஆகிவிட்டது. அதேபோல் பால், பெட்ரோல், பொறுமை, காசு எதுவும் ரன் அவுட் ஆகலாம். தமிழில் ஒரே சொல்தான், தீர்ந்துபோச்சு. "வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்" என்றால் பால் தீர்ந்துபோச்சு. ஆங்கிலத்தில் நாம் எழுவாய், தமிழில் பால் எழுவாய். இந்த இடமாற்றத்தைக் கவனிக்காததால்தான் அக்கா மகள் குடும்பத்தோடு வெளியே ஓட வேண்டியதாயிற்று.

கிரிக்கெட் ரன் அவுட் வேறு. அங்கே ரன் எடுக்க ஓடும்போது அவுட். அக்கா மகள் உடனே பிடித்துக்கொண்டாள். "அப்போ பால் ரன் அவுட், தோனி ரன் அவுட், ரெண்டும் வேற வேற." வேற வேற.

ரன் இன்டு. எதிர்பாராமல் ஒருவரைச் சந்திப்பது. கடைத்தெருவில் திரும்பும்போது மோதாத குறையாக எதிரில் நிற்கிறாரே, அந்தச் சந்திப்பு. ஆகவே "ஐ ரேன் இன்டு மை டீச்சர்" என்றால், "வழியில் எங்கள் டீச்சரைப் பார்த்தேன்". இதே ரன் இன்டு வண்டியோடு வந்தால் நிஜமாகவே மோதல். பணத்தோடு வந்தால், செலவு லட்சக்கணக்கில் போகிறது என்று பொருள். இதற்கு நாமும் "லட்சத்துல ஓடுது" என்போம்.

ரன் ஓவர் என்றால் வண்டி ஏறிவிடுவது. கூட்டம் ரன் ஓவர் ஆனால் குறித்த நேரத்தைத் தாண்டிப் போவது. ரன் டவுன் என்றால் பேட்டரி இறங்குவது, ஆள் என்றால் உடம்பு தளர்ந்துபோவது, ஒருவரைப் பற்றி இன்னொருவர் செய்தால் மட்டம் தட்டுவது. ரன் அப் என்றால் பந்துவீச்சாளர் ஓடிவருவது. கடையில் கணக்கு ரன் அப் ஆனால் பாக்கி ஏறுவது. "கேன் ஐ ரன் திஸ் பை யூ?" என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டால் அவர் எங்கேயும் ஓடப்போவதில்லை. "இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?" என்கிறார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் இந்த வாக்கியத்தில்தான் முழிப்பார்கள்.

இன்னொரு வகை, ரன்னுக்குப் பிறகு ஒரு நிலையைச் சொல்லும் சொல் வருவது. ரன்னிங் லேட் என்றால் தாமதமாகிக்கொண்டிருக்கிறது. ரன் ஷார்ட் என்றால் பற்றாக்குறை. கிணறு ரன் டிரை ஆனால் வற்றிவிட்டது. இங்கே ரன்னுக்கு ஆகு, போ என்ற அளவில்தான் பொருள். ஓடுவுக்கு இங்கே வேலையே இல்லை.

பெயர்ச்சொல்லாக வரும் ரன்னில் நமக்குத் தெரியாத ஒன்றும் இல்லை, கிரிக்கெட் புண்ணியம். பழைய காலத்து கிரிக்கெட்டில் ஒவ்வொரு முறை ஓடி முடித்ததும் குச்சியில் ஒரு வெட்டு போட்டுக் கணக்கு வைப்பார்கள். அந்த வெட்டுக்கு நாட்ச் என்று பெயர், எண்ணிக்கையையும் அப்படியே சொன்னார்கள். பிறகு ரன் வந்து அந்த இடத்தைப் பிடித்தது. தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் ரன் என்றே போடுகிறோம். இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் ஓட்டங்கள். "50 ஓட்டங்களைப் பெற்றார்" என்று படிக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓடாமலே கிடைக்கும் ஓட்டங்களும் உண்டே. 2013 ஐபிஎல்லில் கிறிஸ் கெயில் ஆட்டமிழக்காமல் 175 அடித்தாரே, அதில் 13 பவுண்டரி, 17 சிக்ஸர். அதாவது 154 ரன் நின்ற இடத்திலிருந்து. காலால் ஓடி எடுத்தது 21 மட்டும். சொல்லில் ஓட்டம் இருக்கிறது, ஆள் ஓடவில்லை. எந்தச் சொல்லும் இப்படித்தான் தன் பழைய பொருளைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறது.

பேங்க் ரன் என்ற தொடரும் அதே வழியில் போயிருக்கிறது. ஒரு வங்கியில் பணம் இருக்காது என்ற பயம் பரவி, போட்டவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் எடுக்க ஓடிவருவது. 2007 செப்டம்பரில் பிரிட்டனில் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளின் வாசலில் தெரு நீளத்துக்கு வரிசை நின்றது. 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க வாடிக்கையாளர்கள் முயன்றார்கள். அடுத்த நாள் வங்கியை மூடிவிட்டார்கள். இந்தத் தடவை தெருவில் அவ்வளவு கூட்டம் இல்லை, பெரும்பாலும் கைபேசியிலும் கணினியிலும் நடந்த ஓட்டம். பெயர் மட்டும் ரன்.

இன்னும் சில சில்லறைகள். கோழிகளை அடைத்து உலவவிடும் இடம் சிக்கன் ரன். காலுறையில் நூல் பிரிந்து கோடு விழுந்தால் அதுவும் ரன். ஒரு புத்தகத்தை ஒரு தடவையில் எத்தனை பிரதி அச்சடிக்கிறார்கள் என்பது பிரின்ட் ரன். "தி ரன்ஸ்" என்று பன்மையில் சொன்னால் வயிற்றுப்போக்கு, அதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

ஓடுவும் ரன்னும் அச்சுப்பிசகாமல் சந்தித்துக்கொள்ளும் சில சொற்கள் உண்டு. அவற்றைக் கண்டுபிடிப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. ஃபோர்ரன்னர் என்றால் முன்னோடி. முன்னால் ஓடுபவர், இரண்டு மொழியிலும் அதே இரண்டு துண்டுகள். ரன்வே என்றால் ஓடுபாதை. ட்ரையல் ரன் என்றால் வெள்ளோட்டம். கோயிலுக்குப் புதுத் தேர் செய்தால், திருவிழாவுக்கு முன்பே ஒரு நாள் வடம் பிடித்து வீதியில் இழுத்துப் பார்ப்பார்கள். சக்கரம் எங்கே திணறுகிறது, முட்டுக்கட்டை எங்கே தேவை, மின்கம்பி எங்கே இடிக்கிறது என்று அப்போது தெரிந்துவிடும். மென்பொருள் நிறுவனத்தில் ட்ரையல் ரன் என்று செய்வதும் இதே வேலைதான். அங்கே ஏன் வெள்ளோட்டம் என்று சொல்வதில்லை என்று எனக்கு ஒரு குறை உண்டு.

"ரன் யுவர் ஐஸ் ஓவர் இட்" என்றால் கண்ணை அதன்மேல் ஓடவிடு, அதாவது மேலோட்டமாகப் பார். தமிழிலும் கண்ணோட்டம் இருக்கிறது. ஆனால் திருக்குறளில் 58-ஆம் அதிகாரத்தின் தலைப்பு கண்ணோட்டம், அங்கே அதற்குப் பொருள் இரக்கம், தாட்சண்யம். கண் ஒருவர்மேல் ஓடினால் மனமும் கூட ஓட வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் கண் ஓடிவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறது.

"இட் ரன்ஸ் இன் தி ஃபேமிலி" என்றால் பரம்பரையாக வருவது. நாம் "ரத்தத்திலேயே ஓடுது" என்போம். பாட்டு வருவதற்கும் சொல்லலாம், சர்க்கரை நோய் வருவதற்கும் சொல்லலாம்.

நாமும் சும்மா இருக்கவில்லை. ரன்னை எடுத்துவந்து நம் ஊரில் வேறு வேலை கொடுத்திருக்கிறோம். "ரன்னிங்ல ஏறாதே" என்று நடத்துநர் கத்தினால், ஓடுவது பேருந்து. பழைய பைக் விற்பவர் "ரன்னிங் கண்டிஷன்" என்றால், உதைத்தால் ஸ்டார்ட் ஆகும் என்ற அளவுக்கு உத்தரவாதம். வீட்டு வேலையில் "ரன்னிங் ஃபீட்" என்று ஒன்று வரும். தரை ஓரத்தில் சுவரை ஒட்டி டைல்ஸ் பட்டி வைக்கிறார்கள் அல்லவா, அதற்கு மேஸ்திரி சதுர அடிக் கணக்குப் போட மாட்டார். பட்டியின் உயரத்தை விட்டுவிட்டு, டேப்பை மூலையில் பிடித்துச் சுவரோடு ஓடவிட்டு, நீளத்தை மட்டும் எடுத்து "அறுபது ரன்னிங் ஃபீட்" என்பார். முதல்தடவை கேட்பவர்கள் அதைச் சதுர அடி என்று நினைத்து விலையில் குழம்புவார்கள். நானும் குழம்பியிருக்கிறேன். ஒன்று மட்டும், "ரன்னிங் நோஸ்" என்று நாம் சொல்வதை வெளிநாட்டுக்காரர்கள் "ரன்னி நோஸ்" என்பார்கள். ரன்னிங் என்று சொன்னாலும் சளி என்னவோ புரிந்துவிடும்.

அன்று இரவு அக்கா மகள் அந்த மூன்று வரிகளையும் திருத்தி எழுதினாள். பால் தீர்ந்துவிட்டது. வழியில் ஆசிரியரைப் பார்த்தேன். அவளுடைய மாமா ஓட்டல் நடத்துகிறார். எல்லாம் சரி. நோட்டை மூடப்போனவள் நிமிர்ந்து, "இப்போ நான் ஒண்ணு கேக்கறேன், நீங்க இங்கிலீஷ்ல சொல்லுங்க" என்றாள்.

பக்கத்து வீட்டு ஆச்சி வாசலில் உட்கார்ந்திருந்தார். காலையில்தான் நான் அவரிடம் "எப்படி இருக்கீங்க ஆச்சி?" என்று கேட்டிருந்தேன். "ஏதோ ஓடுது தம்பி" என்றிருந்தார். அதைத்தான் கேட்டாள்.

"இட் ரன்ஸ்" என்று சொல்ல வாயெடுத்தேன். அது ஃபேனுக்குத்தான் பொருந்தும். "லைஃப் இஸ் ரன்னிங்" என்றால் யாரும் அப்படிப் பேசுவதில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ஐ ஆம் கெட்டிங் பை" என்றேன். அவள் அகராதியை எடுத்து "கெட்" என்ற சொல்லைத் திறந்தாள். விரலால் கீழே கீழே தள்ளிக்கொண்டே போனாள். பக்கம் முடியவில்லை.

"மாமா, இதுக்கு எத்தனை?" என்றாள்.